காயவிடாதவர்

அவர் இருந்த அறையில் எதுவும் காயாது. காய விடமாட்டார். மேசைமேல் ஒரு சின்னத் துண்டு எப்போதும் நனைந்தே கிடக்கும். யாராவது பேனா மூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால், அவர்கள் முகத்தைப் பார்த்தபடியே மூடியை எடுத்து மாட்டிவிடுவார். வீட்டிலிருந்து கொண்டுவரும் ரொட்டியை ஈரத்துணியில் சுற்றி வைப்பார். மத்தியானத்துக்குள் அது நசநசவென்று ஆகிவிடும். அதையும் முகம் சுளிக்காமல் சாப்பிடுவார். மழையில் நனைந்த குடையை விரித்து வைக்காமல் மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிடுவார். அந்தப் புளித்த வாடை வந்தால் டாக்டர் வந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

டாக்டர் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டோம். ஊசி போடுகிற டாக்டரம்மா இல்லை. மண்ணில் இருக்கிற கிருமிகளைப் படித்த டாக்டர்.

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் நான் அதே மாடியில் கண்ணாடி கழுவுகிற வேலை பார்த்தேன். கிருமி வளர்த்த தட்டுகளும் குடுவைகளும் என் அறைக்கு வரும். முதலில் அவற்றை ஆட்டோகிளேவில் வைத்து அவிக்கவேண்டும். ஆட்டோகிளேவ் என்றால் ஆள் உயரத்துக்கு ஒரு பிரஷர் குக்கர், அவ்வளவுதான். உள்ளே போன எதுவும் உயிரோடு வெளியே வராது. அவித்துக் கழுவித் துடைத்துத் திரும்ப அடுக்கிக் கொடுப்பேன். கிருமிகளுக்குச் சாப்பாடு காய்ச்சுவதும் நான்தான். அது பிறந்தநாளுக்குப் பிள்ளைகளுக்குச் செய்து கொடுக்கிற அதே அகர் அகர், கடற்பாசி ஜெல்லி. அதில் கொஞ்சம் சீனி, கொஞ்சம் உப்பு, கொஞ்சம் ஈஸ்ட். சூடாகத் தட்டில் ஊற்றினால் உறைந்துகொள்ளும். அதன்மேல் டாக்டர் மெல்லிய கம்பியால் கோடு இழுத்துக் கிருமியை விதைப்பார்.

மற்ற அறைகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் தட்டு வந்துவிட்டது. ஒரு தடவையோடு தூக்கிப் போடுவார்கள். டாக்டர் மட்டும் கண்ணாடித் தட்டை விடவில்லை. பிளாஸ்டிக்கில் ஈரம் நிற்காதாம். அவர் விடாததால்தான் ஆண்ட்டிக்கு வேலை இருக்கிறது என்று பிரியா என்னைக் கேலி செய்யும். பிரியா, டாக்டரிடம் ஆராய்ச்சி படிக்க வந்த பெண். புக்கிட் பாத்தோக்கிலிருந்து வரும். அதற்கு வாய் ஓயாது.

எனக்கு அதற்கு நேர்மாறு. எல்லாரும் சாப்பிடுகிற பேண்ட்ரியில் ஆள் இருந்தால் உள்ளே போகமாட்டேன். கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவேன். ஒருநாள் அங்கே டாக்டர் வந்தார். என் கையைப் பார்த்தார். சோப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு விரலெல்லாம் வெடித்திருந்தது. போய், வாஸலின் டப்பாவோடு திரும்பி வந்தார். என் கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டு, விரல் விரலாகத் தடவினார். எனக்கு உடம்பு கூசிப் போயிற்று. கையை இழுத்துக்கொள்ளவும் பயம்.

"காய விடாதேங்கோ பிள்ளை," என்றார். "காய்ஞ்சால் பிறகு ஒண்டும் செய்யேலாது."

யாழ்ப்பாணப் பேச்சு. அவர் பிறந்தது இங்கேதான். தாத்தா காலத்தில் கிளார்க் வேலைக்குக் கப்பலேறி வந்த குடும்பம். வீட்டில் ஆங்கிலம்தான். ஆனால் தமிழ் பேசினால், அம்மா வாயிலிருந்து கேட்ட அந்தப் பேச்சு அப்படியே வரும். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. சிராங்கூனில் அவரும் அவர் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். தங்கையும் கல்யாணம் ஆகாதவர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது தங்கை இல்லை. இறந்துபோயிருந்தார்.

கைக்கு மருந்து போட்ட அன்றுதான் என்னைத் தம் அறைக்குள் கூட்டிப்போய் ஒரு தட்டைத் திறந்து காட்டினார். அகர் அகரின்மேல் சின்னச் சின்னதாகச் சொட்டுகள், கண்டென்ஸ்டு மில்க் சிந்தியதுபோல் பளபளவென்று. ஒவ்வொரு சொட்டும் கோடிக்கணக்கான கிருமி என்றார். கம்பியின் நுனியால் ஒன்றைத் தொட்டு மெல்லத் தூக்கினார். நூல் எழுந்தது. அறுகிறது அறுகிறது என்று பார்த்தால் அறாமல் கூடவே வந்தது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது இரண்டு விரலில் எடுத்துப் பார்ப்போமே, அந்தக் கம்பிப் பதம். அதைச் சொன்னேன். டாக்டருக்குச் சந்தோஷம். அதேதான், இதுவும் சீனிதான் என்றார். மண்ணில் கிடைக்கிறதைத் தின்று, உள்ளே சீனியைத் துண்டு துண்டாகக் கோத்து, தன் தோலில் உள்ள ஓட்டை வழியாக வெளியே தள்ளுகிறதாம். வெளியே வந்த நூல் தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். அந்தக் கொழகொழப்புக்குள் கிருமி பதுங்கிக்கொள்ளும். மழை நின்று மண் காயும்போதுதான் அதன் அருமை தெரியும். சுற்றிலும் எல்லாம் உலர்ந்து சாகும். போர்த்திக்கொண்டது மட்டும் பிழைத்திருக்கும். ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்கிறதே, அதற்கும் இந்தப் பசைதான் காரணம். இது இல்லாவிட்டால் பூமி முழுக்கப் பவுடர்தான் என்றார்.

எனக்குத் தேக்கா மார்க்கெட்டில் பூக் கட்டுகிறவர்கள் ஞாபகம் வந்தது. மடிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. விரல் மட்டும் ஓடும். சரம் தன்பாட்டுக்குக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும்.

அங்கே ஒரு பூக்கடைக்கு டாக்டரோடு பிறகு நானும் போயிருக்கிறேன். சில சனிக்கிழமைகளில் தங்கையின் கல்லறைக்குப் பூ வாங்க வருவார். நான் வீட்டுக்கு மளிகை வாங்க வருவேன். எதிர்ப்பட்டால் விடமாட்டார். கடைக்காரர் பூவை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் போதாது. வாழையிலையில் சுற்றவேண்டும். இலையை உள்பக்கம் நனைக்கவேண்டும். சுற்றியபின் மேலே ஒரு கை தண்ணீர் தெளிக்கவேண்டும். கடைக்காரர் ஒருநாள் பொறுக்கமுடியாமல், "அம்மா, நீங்க பூ வாங்க வரீங்களா, தண்ணி வாங்க வரீங்களா?" என்று கேட்டுவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. "ரெண்டுக்கும்தான்," என்றார். பஸ்ஸில் அந்தப் பொட்டலம் சொட்டிக்கொண்டே வரும். பக்கத்துச் சீட்டில் இருப்பவர் பாவாடையை ஒதுக்கிக்கொள்வார்.

அவர் அறையில் ஒரு தட்டு மட்டும் தனியாக இருந்தது. மற்றதெல்லாம் நம்பர் போட்டு அடுக்கி வைத்திருக்கும். இதற்கு நம்பர் இல்லை, பெயரும் இல்லை. கிருமி வளர்க்கிற இளஞ்சூட்டுப் பெட்டியின் பின் அடுக்கில், நனைத்த பஞ்சு பக்கத்தில் வைத்து, அதற்கென்று ஒரு இடம். காலையில் வந்ததும் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அந்தப் பஞ்சைத்தான் தொட்டுப் பார்ப்பார். சில வாரத்துக்கு ஒருமுறை அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதுத் தட்டில் விதைப்பார். பழைய தட்டு கழுவுவதற்கு என்னிடம் வரும். மற்றத் தட்டுகளை டிராலியில் அனுப்புவார். அதை மட்டும் கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஆட்டோகிளேவ் கதவை நான் மூடும்வரை நின்றுவிட்டுப் போவார். ஏதோ முக்கியமான கிருமி என்று நினைத்துக்கொண்டேன். நான் எதையும் கேட்கிறவள் இல்லை.

இந்த ஊரில் இடம் குறைவு. சுவா சூ காங் இடுகாட்டில் புதைத்தாலும் பதினைந்து வருஷம்தான். அதன்பிறகு தோண்டி எடுத்து எரித்துவிடவேண்டும். டாக்டரின் தங்கைக்கு அந்தத் தவணை வந்தது. கூட வரமுடியுமா என்று என்னைக் கேட்டார். அவருக்கு உறவு என்று இருந்தவர்கள் எல்லாம் ஆஸ்திரேலியாவில். நான் லீவு எடுத்துக்கொண்டு போனேன்.

காலை வேளை. தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். சிவப்புக் களிமண். மண்வெட்டி இறங்கும்போதெல்லாம் சப்பென்று ஒரு சத்தம். வேலை செய்தவர்களில் ஒருவர் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி. மரியாதையாகத்தான் செய்தார். எலும்பை ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார். டாக்டர் கைப்பையிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்தார். கொஞ்சம் ஊற்றலாமா என்று கேட்டார். அந்தத் தம்பி தயங்கினார்.

"வேணாம்மா. எரிக்கப்போறது. நனைச்சா சிரமம்."

டாக்டர் தலையை ஆட்டினார். பாட்டிலின் மூடியைத் திருகி மூடிக்கொண்டார். யார் எந்த விதியைச் சொன்னாலும் கேட்டுக்கொள்கிற சுபாவம் அவருக்கு. தங்கைக்கு நெருப்பென்றால் பயமாம், அதனால்தான் மண்ணில் வைத்ததாம். அதைத் திரும்பி வரும்போது சொன்னார்.

டாக்ஸிக்குக் காத்திருக்கும்போது நான் வாயைத் திறந்து ஒன்று சொன்னேன். ஒரு பிடி மண் எடுத்து வந்திருக்கலாமே என்றேன். எங்களில் அப்படி ஒரு வழக்கம் உண்டு.

"என்னத்துக்கு?" என்றார். "அவ போன முதலாம் வருஷமே எடுத்திட்டன். ஒரு தேக்கரண்டி மண். அதில இருந்ததுதான் அந்த நம்பர் இல்லாத தட்டு."

அவர் மழை வரும் போலிருக்கிறது என்கிற மாதிரியே மேலும் சொன்னார். "மண்ணுக்குள்ள அதுக்குச் சீனிக்கு எங்க போறது? அவவில இருந்து எடுத்ததைத்தான் கோத்து நூலாக்கினது."

எத்தனை தட்டு என் கைவழியாகப் போயிருக்கும். அவித்திருக்கிறேன், தேய்த்திருக்கிறேன், வழவழப்பு போகவில்லை என்று வெந்நீர் ஊற்றி இரண்டாம் தடவையும் தேய்த்திருக்கிறேன். அதற்குப்பிறகு அந்தத் தட்டு வந்தால், உள்ளே வைக்குமுன் மனசுக்குள் முருகா என்று ஒரு தடவை சொல்லிக்கொள்வேன். அவர்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். இருந்தாலும் எனக்குத் தெரிந்தது அதுதான்.

சாம்பல் ஒரு சின்ன ஜாடியில் வந்தது. அதைச் சுவரில் மாடம் மாதிரி இருக்கிற இடத்தில் வைத்து மூடினார்கள். டாக்டர் பூ வைக்க இனிமேல் மண் இல்லை. கொஞ்ச நாளில் அந்தக் கல்லறை வரிசை முழுக்கச் சமமாக்கப்பட்டுவிட்டது என்று கேள்விப்பட்டோம். அந்த மண்ணிலிருந்து இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரு தட்டுத்தான்.

தட்டு மங்க ஆரம்பித்ததை முதலில் பார்த்தது பிரியா. சொட்டுகள் இருந்தன, நன்றாகவே வளர்ந்திருந்தன, ஆனால் பளபளப்பில்லை. வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பு காய்ந்ததுபோல் தட்டையாக, வெள்ளையாக. டாக்டர் கம்பியால் தொட்டுத் தூக்கினார். நூல் வரவில்லை. இன்னொன்றைத் தொட்டார். அதிலும் இல்லை. தட்டு முழுக்க ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். நான் கழுவிய குடுவைகளை வைக்க வந்தவள், வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிரியாவுக்கு அப்போது தங்கை விஷயம் தெரியாது. அது சாதாரணமாகப் பேசியது. "டாக்டர், நீங்க ஓவரா பேம்பர் பண்ணிட்டீங்க லா. எப்பப் பாரு ஈரம், எப்பப் பாரு சாப்பாடு. அது எதுக்கு நூல், ஸ்லைம்லாம் பண்ணும்? சோம்பேறி ஆயிடுச்சு."

டாக்டருக்குத் தெரியாத விஷயம் இல்லை. மற்றவர்களுக்கு அவரே வகுப்பெடுத்த பாடம். சீனியை நூலாக்கச் செலவழிக்காத கிருமி சீக்கிரம் பெருகும். ஒவ்வொரு தடவையும் செழிப்பாக, சீக்கிரமாக வளர்ந்ததைப் பார்த்துப் பார்த்துப் புதுத் தட்டுக்கு எடுத்தால், கடைசியில் நூல் விடாததுதான் தட்டில் மிஞ்சும். இத்தனை வருஷம் அவர் கை அதைத்தான் செய்திருக்கிறது.

"ஃப்ரீசர்ல பழைய ஸ்டாக் இருக்கும்ல, அத எடுத்துக்கலாம்," என்றது பிரியா. எல்லாக் கிருமியிலும் கொஞ்சம் எடுத்து ஐஸைவிடக் குளிரான ஒரு பெட்டியில் உறையவைத்து வைப்பார்கள். அப்படி வைத்தது மாறாது. கெட்டுப்போனால் அதிலிருந்து திரும்ப எடுத்து வளர்க்கலாம். டாக்டர் தம்மிடம் படிக்க வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதுதான்.

"இதை வைக்கேல்லை," என்றார்.

"ஏன் டாக்டர்?"

"அவவுக்குக் குளிர் ஒத்துவராது."

பிரியா என்னைப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அதை என் அறைக்குக் கூட்டிவந்து, தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் தங்கை விஷயத்தை மெதுவாகச் சொன்னேன். அந்தப் பெண் வாயடைத்து நின்று நான் பார்த்தது அன்றுதான்.

வழி ஒன்று இருந்தது. அதையும் பிரியாதான் சொன்னது, இந்தத் தடவை தணிந்த குரலில். அவித்த மண்ணில் கிருமியைக் கலந்து, திறந்தபடியே காய வைக்கவேண்டும். நூல் விடாததெல்லாம் காய்ந்து சாகும். கூட்டத்துக்குள் எங்காவது நூல் விடத் தெரிந்த ஒன்றிரண்டு இன்னும் ஒளிந்திருந்தால், அது தன்னைப் போர்த்திக்கொண்டு பிழைக்கும். பிறகு தண்ணீர் விட்டு அதை வளர்த்துக்கொள்ளலாம். ஒன்றுமே இல்லாவிட்டால் அதோடு சரி.

டாக்டர் முடியாது என்றுவிட்டார். அகர் அகரை மாற்றிப் பார்த்தார். சீனியைக் கூட்டச் சொன்னார், குறைக்கச் சொன்னார். நான் தினமும் ஏதாவது ஒரு விதத்தில் காய்ச்சிக் கொடுத்தேன். தட்டை இளஞ்சூட்டுப் பெட்டியின் மேலடுக்கில் வைத்தார், கீழடுக்கில் வைத்தார். வந்ததெல்லாம் அதே சுண்ணாம்பு. அவர் ஓய்வு பெறும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. அறையை வேறொருவருக்குக் கொடுக்கப்போகிறார்கள். இருக்கிறபடியே ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றித் தருகிறேன் என்று பிரியா கெஞ்சியது.

"நூல் இல்லாததை வைச்சு என்ன செய்யிறது?" என்றார் டாக்டர். "நான் குடுத்த சீனியைத் திண்டு வளந்தது அது. அவவில இருந்து எடுத்து வைச்சிருந்த ஒண்டும் அதிட்ட இல்லை."

கடைசியில் அவரே என்னிடம் வந்து மண் கேட்டார். தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே செம்பருத்தி நட்ட பாத்தி இருக்கிறது. தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டு ஒரு பை எடுத்துவந்தேன். மூன்று தடவை அவித்தேன். அவித்த மண்ணுக்கு ஒரு வாடை உண்டு, வறுத்த கடலைத் தோல் போல. டாக்டர் கிருமியைத் தண்ணீரில் கரைத்து அந்த மண்ணில் விட்டார். அதைச் சோதனைக் குழாய்களில் போட்டு, மூடி போடாமல், காற்றோடும் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தினார். நனைந்த பஞ்சை வெளியே எடுத்துவிட்டார்.

அந்த வாரங்களில் அவரால் தம் அறையில் உட்கார முடியவில்லை. காலையில் எட்டிப் பார்ப்பார். மண் நிறம் வெளுத்துக்கொண்டே வரும். உடனே என் அறைக்கு வந்துவிடுவார். தொட்டிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, நான் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். குழாயை மூடினால் திறந்துவிடச் சொல்வார். தண்ணீர் சும்மா ஓடும். எனக்கு மனசு கேட்காது. இருந்தாலும் விட்டுவிடுவேன்.

அப்படி ஒருநாள்தான் சொன்னார். தங்கைக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் இருந்தது, நினைவும் இருந்தது. விழுங்கத்தான் தெரியவில்லை. தண்ணீர் கொடுத்தால் வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், கொடுக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரிதான் என்று டாக்டரே சொன்னார்.

"தண்ணி, தண்ணி எண்டு கேட்டவ. சொல்லத்தான் வரேல்லை. சொண்டு அசையிறதில எனக்கு விளங்கினது. நான் பஞ்சை நனைச்சுச் சொண்டில வைச்சன். அதை உறிஞ்சப் பார்த்தவ. நான் எடுத்திட்டன்."

சொண்டு என்றால் அவர்கள் பேச்சில் உதடு. நான் கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். எங்களில் உயிர் போகிற நேரத்தில் எந்த டாக்டர் என்ன சொல்லியிருந்தாலும் வாயில் ஒரு சொட்டுப் பால் விட்டுவிடுவார்கள். அதை எப்படி அவரிடம் சொல்வேன்?

மண் பவுடராகிவிட்டது. சோதனைக் குழாயைச் சாய்த்தால் ஓடியது. பிரியா அதில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் கரைத்துப் புதுத் தட்டுகளில் பரப்பியது. டாக்டர் அன்று வேலைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. பிரியா என்னிடம் வந்து, "எப்படி ஆண்ட்டி நான் அவங்ககிட்டச் சொல்றது?" என்று கேட்டது. இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றேன், எனக்கென்ன தெரியும், வாயில் வந்ததைச் சொன்னேன். அதற்கு அடுத்த நாள் டாக்டர் வந்தபோது ஒரு தட்டின் ஓரத்தில் இரண்டே இரண்டு சொட்டு இருந்தது. லைட்டில் பளபளத்தது.

டாக்டர் கம்பியை நெருப்பில் காட்டி ஆறவிட்டார். தொட்டார். தூக்கினார். நூல் வந்தது. அவர் முழங்கை மேசையை விட்டு மேலே எழும்வரை வந்தது. பிரியா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதது. நான் டாக்டர் முகத்தைத்தான் பார்த்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல்.

"உதுக்குத் தண்ணி இல்லாமல் இருக்கத் தெரியும்," என்றார். "அவவுக்குத் தெரியேல்லையே."

பிறகு தட்டைப் பிரியாவிடம் கொடுத்து, நம்பர் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடச் சொன்னார். ஈரத்துண்டைப் பிழிந்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அவர் ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்தில் நானும் வேலையை விட்டேன். சிராங்கூன் சாலையில் பார்த்தால் பேசுவோம். பார்ப்பது குறைந்தது. பிறகு ஒருநாள் பிரியா போன் செய்தது. டாக்டருக்குப் பக்கவாதம், முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறார்கள், கொஞ்சம் போய்ப் பாருங்க ஆண்ட்டி என்றது.

போனேன். பகல் சாப்பாட்டு நேரம். சுவரோரக் கட்டில். ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. என்னைத் தெரிந்தது. நல்ல கையால் என் விரலைத் தடவி, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. விழுங்கச் சொல்லிக்கொடுக்கிற சீனப் பெண் ஒருத்தி ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு டின்னும் கொண்டுவந்தாள். வெறும் தண்ணீர் கொடுக்கக் கூடாது, புரைக்கேறிவிடும் என்றாள். டின்னிலிருந்து ஒரு கரண்டி வெள்ளைப் பவுடரை எடுத்துத் தண்ணீரில் போட்டுக் கலக்கினாள். தண்ணீர் கண்ணெதிரே கெட்டியானது, நிறம் மாறவில்லை, ருசியும் மாறாதாம், ஓட்டம்தான் குறைந்தது. இப்படிக் கொடுத்தால் மெதுவாக இறங்கும், மூச்சுக்குள் போகாது, எல்லாருக்கும் சரிப்படாது, இவருக்குச் சரிப்படும் என்று எனக்குப் புரிகிறமாதிரி சொல்லிவிட்டு, கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்குப் போனாள்.

டாக்டர் அந்த டின்னைக் காட்டினார். எடுத்துக் கொடுத்தேன். அதில் பொடி எழுத்தில் இருந்ததை வெகுநேரம் படித்தார்.

"கிருமி செய்யிறது," என்றார். "இதுவும்."

எனக்கு முதலில் புரியவில்லை. டம்ளரைச் சாய்த்தபோது அது வழிந்த விதத்தைப் பார்த்ததும் புரிந்தது, தட்டிலிருந்து எழுந்த அதே மாதிரி நூல். டாக்டரின் கண் என்னை விடவில்லை.

"என்ர லாப்பில இருந்தது. போத்தல் போத்தலா. அவ தண்ணி கேட்ட அண்டைக்கு... ஞாபகம் வரேல்லை."

அந்த வெள்ளைப் பவுடர் போத்தல்களை நானே கழுவியிருக்கிறேன். நான் ஒரு கரண்டி எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக மூடிக்கொண்டார். நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்து, கரண்டியோடு மெல்லத் தள்ளினார், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்துக்கு.

"முதல் அவவுக்கு."

அங்கே யாரும் இல்லை. சுவர்தான். நான் கரண்டியை நீட்டியபடியே இருந்தேன். இழுத்துக்கொள்ள மனம் வரவில்லை. கரண்டி விளிம்பிலிருந்து தண்ணீர் கம்பியாக இறங்கியது.

"குடிச்சிட்டாவோ?" என்று கேட்டார்.

"குடிச்சிட்டாங்க டாக்டர்," என்றேன்.

அதன்பிறகுதான் வாயைத் திறந்தார்.